ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

குடியேற்ற அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன்.

அன்றைக்கு வந்தவர் ஒரு பெயின்டர். நகக்கண்ணில் வெள்ளைச் சாயம் போகவில்லை. ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தார். மகளுக்கு மூன்று வயது. இன்னும் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

நாற்காலி மேல் தனியாக ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்து ஊரான் குடும்பத்தை விசாரிக்கிற புண்ணியவான் எங்கள் அதிகாரி. “உடன்பிறந்தவர்கள் உண்டா?” என்று கேட்டார்.

“யாரும் இல்லக்கா,” என்றார் பெயின்டர்.

சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்: “யாரும் இல்லை, மூத்த சகோதரியே.”

அதிகாரியின் தட்டச்சு நின்றது. “யார் மூத்த சகோதரி?”

“நான்தான். அதாவது, நான் இல்லை.” எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. எங்கள் பேச்சில் வயதில் மூத்த பெண் யாரானாலும் அக்கா, பஸ் ஓட்டுகிறவர் அண்ணன், காய் விற்கிறவரும் அண்ணன் என்று விளக்கினேன்.

“அப்படியானால் இவருக்கு மொத்தம் எத்தனை உடன்பிறப்புகள்?” என்று பேனாவை எடுத்தார். படித்த மனுஷன்தான், என்ன செய்ய.

நான் பெயின்டருக்கு யார் என்று அவரிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன். பெயின்டரோ எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, “சொந்த அக்கா மாதிரி,” என்றார். அட மனுஷா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

“மாதிரி என்றால், ஒன்றுவிட்டதா?” என்றார் அதிகாரி.

மனுதாரருக்கு உறவான ஆள் மொழிபெயர்க்கக் கூடாதாம். இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் வந்தது. உறவு உண்டு என்று நிரூபிக்க இங்கே இருபத்தாறு தாள் வேண்டும். இல்லை என்பதற்கு ஒரே தாள். அதை மனுதாரர் காதுபட அவர் மொழியில் வாசித்து நான் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றால் வேறு மொழிபெயர்ப்பாளர், எட்டு மாதம் கழித்து வேறு தேதி.

வாசித்தேன். “எதிரில் இருப்பவர் எனக்கு யாரும் இல்லை. இவருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.”

கையெழுத்துதான் வரவில்லை. நான் இந்த நாட்டுக்குத் தனியாக வந்தவள், தனியாகவே இருக்கிறவள். இங்கே வருகிற நம் ஆட்கள் பயத்தில் என்னை மேடம் என்பார்கள். அக்கா என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அந்தக் குழந்தை அப்பாவிடம் வர, நான் அந்த ‘அக்கா’வை வேண்டாம் என்று எழுதித்தர வேண்டுமாம். வயிற்றெரிச்சலாக இருந்தது.

“போடுங்கக்கா, பரவால்ல,” என்றார் பெயின்டர் மெதுவாக. “பேப்பர்லதானே.”

போட்டேன். அதிகாரி அனுமதி முத்திரையைக் குத்திக் கோப்பை மூடினார். மனைவியும் மகளும் வரலாம். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“மொழிபெயர்ப்பாளர் ஏன் அழுகிறார் என்று மனுதாரரிடம் கேளுங்கள்.”

கேட்கச் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

“தம்பி, உங்க அக்கா ஏன் அழறாங்கன்னு கேக்குறாரு.”