ஒற்றை ஆளின் சராசரி

யாருடைய ரகசியமும் வெளியே போகாது என்று மூன்று வருடம் ஊர் ஊராகப் பேசியவன் நான். பெயர் அருள்தாஸ், ஆராய்ச்சி மாணவன், வாய் கொஞ்சம் நீளம். ஊராரின் சர்க்கரை அளவு அந்தந்த ஊர் சுகாதார மையத்துக் கணினியிலேயே இருக்கும்; அதிலிருந்து போட்ட ஊர்ச் சராசரி மட்டும் வெளியே போகும்; அதையும் மற்ற ஊர்க் கணக்கோடு குவாண்டம் கணினி கலந்து பூட்டிவிடும். கடவுளே வந்தாலும் திறக்க முடியாது என்று பாகூரில் மைக் பிடித்துச் சொன்னேன். கைதட்டினார்கள். கால் தரையில் படவில்லை எனக்கு.

பாகூரில் நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள், கிருமாம்பாக்கத்தில் தொண்ணூறு. என் மாமியார் ஊரான அபிஷேகப்பாக்கத்தில் மட்டும் ஈ காக்கா கூட வரவில்லை. மூன்றாவது ஊர் இல்லாமல் சோதனை ஓடாது. என்ன செய்தேன் தெரியுமா? என் சர்க்கரையையே அந்த ஊர்க் கணக்கில் போட்டேன். மகா புத்திசாலி!

அந்த அளவு என் மனைவி சுவேதாவுக்குத் தெரியாது. என் அப்பாவின் கால் சர்க்கரையில்தான் போனது. "ஒனக்கு வந்தா மொத நாளே எங்கிட்ட சொல்லணும்" என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நான்கு மாதமாக மறைத்துவந்தேன். பயம்தான், வேறென்ன.

ஆள் சேர்க்க அபிஷேகப்பாக்கத்தில் கூட்டம் போட்டோம். சுவேதா முன் வரிசையில் இருந்தாள். ஊர்வாரியாக எண் காட்டக் கூடாது என்பது நானே எழுதிய விதி. ஆனாலும் காட்டினால் அசந்துபோவார்கள் என்று, பூட்டுவதற்கு முன்பே ஊர் மையங்களிலிருந்து சராசரியை எடுத்துத் திரையில் போட்டேன். பாகூர் சராசரி 148. கிருமாம்பாக்கம் 152. அபிஷேகப்பாக்கம் 286.

தையலம்மாள் என்ற விவசாயி எழுந்தார். "இன்னாப்பா இது? இங்க யாரும் குடுக்கலையே. குடுத்தவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"அப்ப இது யாரோடது?"

பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது. ஒரே ஒருவனின் சராசரி அவனேதான் என்பது இத்தனை படித்த மண்டையில் ஏறவில்லை. காதெல்லாம் சுட்டது. சுவேதா என்னையே பார்த்தாள்.

"வெறும் வயித்துலயா, சாப்ட்டப்புறமா?"

"வெறும் வயித்துல."

மைக்கை அணைக்கவும் மறந்திருந்தேன். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. படிவங்கள் அப்படியே கிடந்தன. சுவேதா மட்டும் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். கண் கலங்கியிருந்தது.

"வேணாம்டி. ரெண்டே பேருன்னா, சராசரிய வச்சி ஒன்னோடத கழிச்சி என்னோடத கண்டுபுடிச்சிடுவ" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு ஆராய்ச்சி!

"அதுக்குத்தான் போடறேன். மாசா மாசம் போடுவேன்" என்றாள்.