ஆணில்லாத தொட்டியில் குஞ்சுகள்

...இல்லை, வெளுக்கவில்லை, ஒன்றுகூட வெளுக்கவில்லை, வெளுத்திருக்க வேண்டும், வியாழக்கிழமை மாலை வேலைக்குப் போயிருந்த சின்ஷூவிலிருந்து திரும்பி வந்து தோள்பையைக்கூட இறக்காமல் குனிந்து பார்த்தபோது தொட்டிக்குள் கவிழ்த்துவைத்த மண்சட்டியின் உள்கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த முட்டைகள் வெள்ளிக்கிழமை வெளுத்து, சனிக்கிழமை பூசணம் பூத்து, இன்றைக்குள் தாய்மீனே தின்று தீர்த்திருக்க வேண்டும், ஆணில்லாமல் போட்ட முட்டைகளுக்கு அதுதான் கதி, ஆனால் இதோ ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று, சட்டிக்குள் டார்ச் அடித்தால் வால்கள்... துடிக்கிற வால்கள், அறுபது எழுபது இருக்கும், அவள் பெருமையோடு மஞ்சளாய் மின்னிக்கொண்டு அவற்றை வாயால் கவ்விக் கவ்வி இடம் மாற்றுகிறாள், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மீன், என்னைப் பார்த்துச் செவுளை விரித்து முறைக்கிறாள். முறைக்க வேண்டியவன் நானல்லவா? ஆண் இல்லாத தொட்டியில் குஞ்சு எப்படி வந்தது என்று கேட்க வேண்டியவன் நானல்லவா? கப்பி மீன் மாதிரி ஆணிடமிருந்து ஒருமுறை விந்தை வாங்கி வயிற்றில் பத்திரப்படுத்தி மாதக்கணக்கில் பெற்றுப்போடுகிற சாதி இல்லை இது, குள்ளச் சிக்லிட், இவள் முட்டையை ஒட்டுகிற அந்த நேரத்திலேயே ஆண் சட்டியின் வாயருகே வந்து போயாக வேண்டும், அவனோ இங்கே இல்லை, ஐந்து வாரமாகத் தாவோயுவானில் பான் அண்ணன் வீட்டில் இருக்கிறான், நானே ஆக்ஸிஜன் பையில் போட்டு நானே ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீன் வளர்க்கிற எங்கள் வட்டாரத்தில் இது வழக்கம்தான், ஒரே ஆற்றுவழி வந்த மீனை வளர்க்கிற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஆணை இரவல் கொடுப்பது, இல்லாவிட்டால் நாலு தலைமுறையில் கூன் விழுந்த குஞ்சுகள்தான் மிஞ்சும், கொடுத்தேன், என் தொட்டியில் இரண்டு பெண்கள்தான் பாக்கி, மூத்தவள், இளையவள், மூத்தவள்தான் இந்த மஞ்சள்காரி, இளையவள் ஒரு சோணங்கி, வெளிறிப்போய் வாதாம் சருகுக்கு அடியிலேயே கிடக்கும், நான் அதைச் சரியாகப் பார்த்தே மாதக்கணக்காகிறது. ஆக, ஆண் ஒன்று உள்ளே வந்திருக்கிறது. வந்து, இருந்து, போயிருக்கிறது. திங்களிலிருந்து வியாழன் வரை நான் சின்ஷூவில் ஒரு அலுவலகக் கட்டிடத்தின் லிஃப்டுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நாலு நாளில். மீனுக்குக் கால் இல்லை, நாலு மாடி ஏறி வராது, யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், யாரோ என்றால் கதவு திறக்க வேண்டும், கதவுக்குச் சாவி இரண்டுதான், ஒன்று என் இடுப்பில், இன்னொன்று யுவேஷியாவிடம். என் பெண்டாட்டியிடம். இங்கே வந்து நின்றுவிடுகிறது புத்தி, பல்லில் கல் கடித்தமாதிரி.

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது, இருபத்தெட்டு வருஷமாக எந்த போல்ட்டையும் நான் நம்பியதில்லை, பொழுதெல்லாம் நம்பாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து கையைக் கழுவியதும் நம்பு என்றால் எப்படி நம்புவது, சரி, நம்பித்தான் இருந்தேன், இருபத்தாறு வருஷம் யுவேஷியாவை நம்பித்தான் இருந்தேன், அவள் காலைப் பலகாரக் கடையில் ஒரு மணி வரை முட்டை ரொட்டி சுடுகிறாள், அப்புறம் நான் வருகிற ஆறரை வரை வீட்டில் தனியாக இருக்கிறாள், அந்த ஐந்தரை மணி நேரத்தில் என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது எண்ணிப் பார்க்கிறேன், ஒவ்வொன்றாக வருகிறது. வியாழக்கிழமை வாசல் அலமாரியில், வருகிறவர்கள் வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற விருந்தாளிச் செருப்பு மூக்கு வெளியே நீட்டியிருந்தது, நான் எப்போதும் உள்ளே பார்த்துத்தான் வைப்பேன். தொட்டி மூடி இரண்டு விரல் அளவு நகர்ந்திருந்தது. போன மாதத்திலிருந்து அவள் பேச்சு குறைந்துபோயிருக்கிறது, டிவியில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை, கால் வலி. பான் அண்ணன் வந்தால் மட்டும் சிரிப்பாள், அவர் பேச்சு அப்படி, கல்லையும் சிரிக்க வைப்பார், பெண்டாட்டி செத்து மூன்று வருஷமாகிறது, சட்டைக்கு இஸ்திரி போட ஆளில்லை ஆனால் சட்டை மட்டும் எப்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கும். சீ, என்ன புத்தி இது... ஆனால் கேட்டுத்தான் பார்ப்போமே, கேட்டால் என்ன, ஆணை வாங்கிப்போனவர் அவர், எப்படி இருக்கிறான் என்று கேட்பதில் என்ன தப்பு.

போன் எடுத்ததும் சிரிப்பு. "என்னடா ஆ-குன், ஞாயித்துக்கிழமையும் மாப்பிள்ளை ஞாபகமா? ராஜாவாட்டம் இருக்கான். மூணு பொண்டாட்டி, நாலு வேளை சாப்பாடு, எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு, போ." நான் சிரிக்கவில்லை. "திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் எங்கண்ணே இருந்தீங்க?" என்றேன். "யாரு, மீனா, நானா?" "நீங்க." "வீட்டுலதான். முழங்கால் வீங்கிப்போய்க் கெடக்கேன், மாடி ஏற முடியுதா எறங்க முடியுதா, ஏன்டா?" மாடியைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, மாடி எதற்கு இப்போது, நாலு மாடி என்று அவர் மனசுக்குள் ஓடியதா, முழங்காலைக் கேட்காமலே முழங்கால் ஏன் வந்தது? குஞ்சு பொரித்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருமல் வருகிறவரைக்கும் சிரிப்பு. "அடப்பாவி! புருஷன் வெளியூர்ல இருக்கறப்போ பிள்ளை பொறந்திருக்கா? அப்போ உன் வீட்டுக்கு யாரோ வந்துட்டுப் போறாங்கடா! நல்லா விசாரி, நல்லா விசாரி. எதுக்கும் அந்த எளையவளை ஒரு தடவை நல்லா..." நான் போனை வைத்துவிட்டேன். அவர் சொல்ல வேண்டாம், எனக்குக் கேட்க வேண்டாம்.

யாரோ வந்துட்டுப் போறாங்க... விளையாட்டாகச் சொன்னாரா, இல்லை, விளையாட்டு மாதிரி சொன்னாரா, குற்றம் செய்தவன்தான் அதை விளையாட்டாகச் சொல்லுவான், அடுத்தவன் தொட்டியில் கேட்காமல் மீன் விடுவது எங்கள் ஆட்களில் எவனும் செய்ய மாட்டான், செய்தால் அப்புறம் அவன் வீட்டுப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள், அது பானுக்குத் தெரியாதா, தெரிந்தும் செய்தார் என்றால் மீனுக்காகச் செய்யவில்லை, மீன் சாக்கு, ஒருவேளை கதவைத் தட்டுவதற்கு ஒரு சாக்கு. நான் போனில் எழுதிவிட்டேன். "நான் ஊர்ல இல்லாதப்போ வீட்டுக்கு யார் வந்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." யுவேஷியாவுக்கு அனுப்பினேன், பன்னிரண்டு பத்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடியாத நேரம், கையெல்லாம் மாவாக இருக்கும், பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன், படித்தாயிற்று என்ற குறி உடனே வந்துவிட்டது. பதில் இல்லை. என்ன உளறுகிறாய் என்று ஒரு வரி, ஒரு கேள்விக்குறி, ஒரு கோப முகம்... இல்லை. ஐம்பத்து நாலு வயதில் தனியாக ஒரு தட்டு எடுத்து வைத்துச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது, பயமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை, பயம்தான்.

உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய, தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு, டார்ச்சை அணைத்து, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன், தேநீர் நிறத் தண்ணீர், மணலில் சின்னதாக ஒரு குழி தோண்டி மூத்தவள் குஞ்சுகளைக் கொண்டுவந்து துப்பிக்கொண்டிருந்தாள், துப்பிவிட்டு எண்ணுவதுபோல் ஒரு நிமிஷம் நிற்கிறாள், மறுபடி போகிறாள். அப்போது சருகுக்கு அடியிலிருந்து இளையவள் வந்தாள். செத்தாள் இவள் என்று நினைத்தேன், குஞ்சு வைத்திருக்கிறவள் இன்னொரு பெண்ணைப் பக்கத்தில் விட மாட்டாள், துடுப்பைக் கிழித்துவிடுவாள், நானே இரண்டு பெண்களை அப்படி இழந்திருக்கிறேன். மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. இளையவள் குழிக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்று, கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து, உடம்பு முழுக்க விறைத்துத் துடுப்பையெல்லாம் விரித்தாள், சண்டைக்கு விரிப்பதுபோல்... நான் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைக் கண்ணாடியில் ஒட்டினேன். வயிற்றுத் துடுப்பு. பெண்ணென்றால் அதன் முன்விளிம்பில் மை தீட்டினாற்போல் கறுப்புக் கோடு ஒன்று இருக்க வேண்டும், மூத்தவளுக்கு இருக்கிறது. இவளுக்கு இல்லை. மறுபடி பார்த்தேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இல்லை, இல்லவே இல்லை. அடேய்! இளையவள் அவளில்லை, அவன்! பெரிய ஆணுக்குப் பயந்து வளராமல், நிறம் காட்டாமல், பெண்ணைப் போலவே பதுங்கித் திரிந்து சமயம் பார்த்துக் காரியம் முடிக்கிற திருட்டுப் பயல், இவர்கள் ஜாதியில் அப்படி ஒரு வகை உண்டு, மீன் வளர்ப்புச் சங்கத்துக் கூட்டத்தில் புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு எழுந்து நின்று பாடம் நடத்துகிறவனே நான்தான், நிறத்தை நம்பாதே, துடுப்பைப் பார் என்று! ஒன்பது மாதம் என் மூக்குக்குக் கீழே இருந்திருக்கிறான்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், தனியாக, சத்தமாக, கண்ணில் தண்ணீர் வர. யாரும் வரவில்லை! கதவு திறக்கவில்லை, பையில் மீன் வரவில்லை, பான் அண்ணன் முழங்கால் நிஜமாகவே வீங்கியிருக்கிறது பாவம், அவர் இளையவளைப் பார் என்று சொல்ல வந்ததை நான்தான் கேட்காமல் வைத்தேன், அவருக்கு இந்தக் குஞ்சில் பத்து கொடுக்க வேண்டும், இருபது கொடுக்க வேண்டும். செருப்பு... கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன் போட்டிருப்பான். மூடியை யுவேஷியா துடைத்திருப்பாள், அவள்தான் துடைப்பாள், நான் என்றைக்குத் துடைத்தேன். பேச்சு குறைந்தது என்றால் காலை ஐந்து மணியிலிருந்து கல்லுக்கு முன்னால் நிற்கிறவளுக்குச் சாயங்காலம் பேசத் தெம்பு வேண்டாமா? நான் என்ன பேசுகிறேன் அவளிடம், தண்ணீர் அமிலம் குறைந்துவிட்டது, புழு வாங்க வேண்டும், இதைத் தவிர? சீ, நாய்ப் புத்தி, இருபத்தாறு வருஷத்தை ஒரு சட்டி முட்டையில் கொண்டுபோய்க் கவிழ்த்தேனே. அனுப்பியதை அழிக்கலாம், படித்துவிட்டாள், அழித்து என்ன. வரட்டும், வந்ததும் கையைப் பிடித்து இழுத்துவந்து இங்கே உட்கார வைத்து, இந்தா பார், உன் மேல் பழி போடவைத்த ஆள் இவன்தான் என்று காட்டினால் முதலில் திட்டுவாள், முதுகில் ஒன்று வைப்பாள், அப்புறம் சிரிப்பாள், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று, மத்தியானம் வெளியே கூட்டிக்கொண்டுபோய் அவளுக்குப் பிடித்த வாத்துச் சோறு வாங்கித் தர வேண்டும், மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

படியில் காலடி கேட்டது. மணி பன்னிரண்டு நாற்பதுதான், ஒரு மணிக்கு முன்னால் கடையை விட்டு வந்ததே இல்லை அவள். சாவி இரண்டு தடவை தப்பி மூன்றாவது தடவை பூட்டுக்குள் போனது. கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள், முழங்கை வரை மாவு, படியேறிய மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது, என்னைப் பார்க்காமல் உணவு மேசை நாற்காலியில் உட்கார்ந்தாள். "யுவேஷியா, இங்க வாயேன், ஒரு வேடிக்கை..." என்று நான் ஆரம்பித்தேன், என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது, எனக்கே தெரிந்தது. அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "கீழ்வீட்டு அம்மா சொன்னாங்களா? பரவாயில்லை, யார் சொன்னா என்ன. நானே சொல்லணும்னுதான் இருந்தேன் ஆ-குன், தினமும் வாய் வரைக்கும் வரும், நீ தொட்டிக்கு முன்னாடி உக்காந்திருப்ப, முதுகுகிட்ட எப்படிச் சொல்றது?" மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "கத்தமாட்டேன்னு சொல்லு. கத்தாம இருந்தா முழுசாச் சொல்லிடறேன்." யார், யாரைச் சொல்கிறாள், ஆணா, பெண்ணா, கடன்காரனா, டாக்டரா, எத்தனை தடவை... எனக்கு ஒன்றுமே தெரியாது, மீனைப் பார்த்து உளறினேன், இவ்வளவுதான் விஷயம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளும் ஒரு மூச்சு விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து சிரித்துவிடுவாள், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து அரிசி களையப் போய்விடுவாள், வாத்துச் சோறுகூடச் சாப்பிடலாம். பேசாமல் நின்றால் சொல்லிவிடுவாள். காலையிலிருந்து யார் வந்தது, யார் வந்தது என்று குடைந்துகொண்டிருந்தவன் நான்தானே, பதில் தெரிந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்து கத்தாதே என்று மட்டும் கேட்கிறாள், எனக்கு அந்தப் பதில் வேண்டவே வேண்டாம் என்பது இப்போதுதான், இந்த நிமிஷம்தான் தெரிகிறது. "சொல்லட்டுமா?" என்றாள் யுவேஷியா, முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து.