லாமாண்டின் தலை

"கொஞ்சம் பொறுங்க. நீங்க கொண்டுபோய் உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் வரணும்," என்று வெர்லீன் வாசலை மறித்து நின்றாள். இறுதிச் சடங்கு நிலையத்து ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "உங்க இஷ்டம், மிஸ் வெர்லீன். பத்து மணி வரைக்கும் வண்டியில இருக்கேன்," என்றார்.

விடிகாலையில் உயிர் போன அவள் கணவன் லாமாண்ட் படுக்கையறையில் கிடந்தான். வயது ஐம்பத்து மூன்று. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறிக்க வரும் தடியர்களுக்குள் தலையைக் கொடுத்து ஓடுவதுதான் அவன் பிழைப்பாக இருந்தது. பெரிய அணியில் ஓடியது ஆறே வருஷம். அதன் பலனை வெர்லீன் பன்னிரண்டு வருஷம் அனுபவித்தாள். பெயர்களை மறந்தான், கதவை உடைத்தான், கடைசியில் அவளையே யாரென்று கேட்டான். அந்த அலபாமா ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஊருக்கு அவன் ராஜா.

நினைவு நன்றாக இருந்தபோது அவனே சொல்லியிருந்தான், செத்த பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடு என்று. அவள் சம்மதம் போதும். ஆனால் மகன் டேரியன் குறுக்கே நின்றான். அவனுக்கும் அதே ஆட்டம், அதே ஓட்டம். பெரிய அணிகள் ஆள் எடுக்கும் நாளுக்குப் பதினாறு நாள்தான் இருந்தது.

"அப்பா தலையில நோய்னு வந்தா என்னை எவன் எடுப்பான்?"

"ரிசல்ட் வர மாசக்கணக்காகும்டா."

"மூளையைக் கொடுத்தாங்கன்னு பேப்பர்ல வந்தாலே போதும், என் கதை முடிஞ்சுது."

"அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரிய வேணாமா?"

பக்கத்து வீட்டார் மேசையில் வைத்துவிட்டுப் போன பொரித்த கோழியையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் வந்தது. மகனும் கேட்கட்டும் என்றுதான் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். ஆராய்ச்சி நிலையத்துப் பெண் நிதானமாகக் கேட்டாள். எந்த வயதில் ஆடத் தொடங்கினார்? ஏழு. ஆட்டத்தில் அடிபட்டு எத்தனை முறை நினைவு தப்பியது?

"அணியில எழுதி வெச்சது மூணு. நான் பார்த்தது பதினொண்ணு."

"சீசனுக்கு முன்னாடி ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பாங்களே மேடம், அதுல எப்படி?"

"பாதி மார்க்தான். அப்பவே நோய் இருந்திருக்கும்."

"அது நோய் இல்லம்மா," என்றான் டேரியன். "வேணும்னே தப்பா எழுதறது. அடிபட்டா திரும்ப அதே பரீட்சை வைப்பாங்க. முதல்லயே மார்க் கம்மியா இருந்தா, குறைஞ்சது தெரியாது. அடுத்த வாரமே ஓட விட்டுடுவாங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"அப்பாதான். ஹைஸ்கூல் சேர்ந்தப்போ, இதே மேசையில உக்கார வெச்சு."

வெர்லீனுக்குச் செத்துக் கிடக்கிறவனை எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

"நீ எத்தனை தடவை அடிபட்டு மறைச்சே?"

அவன் கோழித் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். எனக்குச் சம்மதம். எழுதிக்குங்க."

டேரியன் தடுக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி அவன் பின்னால் போய் நின்றாள். ஒட்ட வெட்டிய தலையில் இரண்டு கைகளையும் வைத்தாள். நெற்றி, காதோரம், பிடரி என்று விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பத்து மணி ஆனதும் வாசலில் அழைப்பு மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.