எந்த ஜெரமையா?

கல்லறைக் கல் வெட்டும் மோர்டி காதிலிருந்த பென்சிலை எடுத்து, "எந்த ஜெரமையா சல்லிவன்?" என்று கேட்டான். செத்தது என் அப்பா என்பது, பெட்டிக்குத் தோள் கொடுத்த அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் எங்கள் கோயில் பங்கின் நாற்பது வீடுகளில் முப்பத்தொன்று சல்லிவன்கள். கல்லறையில் ஏற்கெனவே ஐந்து ஜெரமையாக்கள் படுத்திருக்கிறார்கள். கிளையின் பட்டப்பெயரையும் சேர்த்து வெட்டாவிட்டால் ஜெபம் பக்கத்துக் குழிக்குப் போய்விடும். மோர்டியே 'வெள்ளாடு' சல்லிவன். அவன் பாட்டனாரின் ஆடு ஒரு ஈஸ்டர் பூசைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"எங்களுக்குப் பட்டப்பேர் கிடையாதே. நாங்க மூலக்கிளை" என்றேன்.

அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதுவரை அதை நம்பி, பள்ளிப் பேருந்து ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் குலவரலாறு படித்தவன் நான். சல்லிவன் என்ற பெயரை எங்களுக்குத் தந்த மூதாதை கருங்கண்ணனா ஒற்றைக்கண்ணனா என்று அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. எனக்கோ நீலக்கண், அதுவும் இரண்டு. ஆனாலும் வீட்டு நடையில் காட்டுப்பன்றி போட்ட குலச்சின்னம் ஒன்றை மாட்டியிருந்தேன். அந்தப் பன்றிக்குப் பல்வலி போலிருக்கும்.

மோர்டி கல்லைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

"உங்க அக்காகிட்ட கேளு டெனிஸ்."

"நீ சொல்லு. சொல்லாம நகரமாட்டேன்."

"சூப்பு" என்றான், தானே திருடிக் குடித்தவன்போல.

அந்த ஒரு சொல் போதும். உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில், கத்தோலிக்கத்தை விட்டு ஆங்கிலேயர் சபைக்கு வேதம் மாறினால் சூப்பு என்று அண்டா வைத்தார்கள். மாறாமல் பிள்ளைகளைப் புதைத்தவர்கள் மாறியவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள், நல்ல மனிதர்கள்.

அக்கா நோரீன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன்பே முகத்தில் படித்துவிட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்டா. அவர் பள்ளிக்கூடத்துல பையன்க அவரக் கண்டா, சூப்பு குடிச்ச வம்சம்னு கரண்டியத் தட்டுவாங்களாம். அதான் உனக்கு மூலக்கிளைன்னு கதை விட்டாரு."

"வாங்கினது யாரு?"

"நம்ம வம்சத்துல ஹனோரான்னு ஒருத்தி. ஆறு பிள்ளை. ஆறும் பிழைச்சுது. பஞ்சம் முடிஞ்சதும் பழையபடி நம்ம கோயிலுக்கே வந்துட்டா; கடைசி பெஞ்சுல உக்கார விட்டாங்க."

"அப்ப கல்லுல அதையே வெட்டச் சொல்றேன்."

"கிறுக்கா உனக்கு? ஆயுசு பூரா அவர் மறைச்சத ஊருக்கே காட்டப்போறியா?"

"அவ அந்தச் சூப்ப வாங்கலேன்னா நீ ஏது அக்கா, நான் ஏது? கருங்கண்ணனா வந்து கஞ்சி ஊத்துனான்?"

"கல்லறை ஞாயித்துக்கு நான் அந்தக் கல்லு பக்கமே வரமாட்டேன். என் புருஷன் குழிகிட்ட நின்னுக்கறேன்" என்று மாவை ஓங்கி அறைந்தாள். அது என் முகம் இல்லையே என்று சந்தோஷப்பட்டேன்.

கல்லறை ஞாயிறன்று அவரவர் குழியருகே அவரவர் குடும்பம் நிற்கும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அப்பாவின் படுக்கைக் கல் அருகே நான் மட்டும் நின்றேன். ஜெரமையா சல்லிவன், அடியில் 'சூப்பு', அதற்கும் அடியில் 'ஹனோராவின் வழி'. முப்பது குடும்பங்கள் வாசித்துவிட்டுத் தங்கள் காலணிகளைப் பார்த்தன. என் காதுகள் எரிந்தன. குடை கொண்டுவரவும் மறந்திருந்தேன்.

சாமியார் மூன்று குழி தள்ளி இருக்கும்போது வரிசையில் ஒரு சலசலப்பு. நோரீன் குறுக்கே நடந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கல்லின்மேல் குனிந்தாள். எழுத்துப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. கையுறையைக் கழற்றினாள், துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கோயில் வாசல் தீர்த்தத்தைத் தொடுவதுபோல விரலை அந்தத் தண்ணீரில் நனைத்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.