கன்னியம்மாவுக்கு இரண்டு மாலை

"அத்தா, இதுல செத்துப்போனது யாரு?"

ஹுமாயூனின் மகள் ரூஹி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது இருக்கும். ராயபுரத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துக் கேட்டாள். ஏழெட்டுத் தலைவர்கள் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் முகம் கீழ் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. ஹுமாயூன் விழுந்து விழுந்து சிரித்தார். கட்சி ஆபீசில் போய்ச் சொன்னார், அங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். ரூஹி இன்று கல்லூரிக்குப் போகிறாள். தான் கேட்டது அவளுக்கே மறந்துவிட்டது.

ஹுமாயூன் இருந்தது கடலோர உழைப்பாளர் கழகத்தில். ஆளுங்கட்சியை எதிர்த்துக் குரல் கொடுத்தே காலம் தள்ளிய சின்னக் கட்சி. எண்ணூரில் சாம்பல் கொட்டினாலும் மணலியில் புகை கக்கினாலும் முதலில் சாலையில் உட்காருவது அவர்கள்தான். கட்சியை நிறுவியவர் காலமானதும், தலைவர் எத்திராஜும் பொதுச்செயலாளர் லியாகத் அலியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எத்திராஜ் தனியாக நிற்போம் என்றார், லியாகத் அலி கூட்டணிக்குப் போவோம் என்றார். ஒரு திங்கட்கிழமை எத்திராஜ் லியாகத் அலியைக் கட்சியை விட்டு நீக்கினார். மறுநாள் லியாகத் அலி எத்திராஜை நீக்கினார். மொத்தக் கட்சியையும் இரண்டு மினி வேனில் ஏற்றிவிடலாம், அதிலும் முன்சீட்டு யாருக்கு என்றுதான் தகராறு என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். ஹுமாயூன் லியாகத் அலியின் வலது கை.

எந்தப் பக்கமும் சேராமல் இருந்த ஒரே ஆள் கன்னியம்மா. திருவொற்றியூர்க் குப்பத்தில் மீன் விற்றவள். மீன்கூடையை மகளிடம் கொடுத்துவிட்டு எல்லா ஊர்வலத்திலும் கொடி பிடித்தவள். சண்டை வந்த பிறகு, காலையில் எத்திராஜ் வீடு, சாயங்காலம் லியாகத் அலி வீடு என்று நடந்து இருவரிடமும் மன்றாடிக்கொண்டிருந்தாள். இருவரும் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ஹுமாயூனுக்கு அவள் மேல் தனிப் பிரியம் உண்டு. நோன்பு மாதத்தில் ஒரு மறியலில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு மத்தியானமே சாம்பார் சாதம் வந்துவிட்டது. இவர் மட்டும் சுவரோரம் சாய்ந்திருந்தார். கூடவே கைதாகியிருந்த கன்னியம்மா வாசலில் நின்ற பெண் காவலரிடம் கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் அழுது வெளியே போனாள். சாயங்கால மஃரிப் பாங்கு சொல்வதற்குள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி, சிந்தாமல் தூக்கு வாளியில் கொண்டுவந்து வைத்தாள். மீன் வாடை அடிக்கிற முந்தானையால் வாளியைத் துடைத்தபடி, "துன்னு நைனா, மூஞ்சி வாடிப்போய் கீது" என்றாள். அவ்வளவுதான். அதைப் பிறகு அவள் ஒருநாளும் பேசியதில்லை.

அந்தக் கன்னியம்மா ஒரு நாள் விடியற்காலையில், மீன் ஏலம் எடுக்கக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

ஹுமாயூன்தான் முதலில் போனார். மகள் அம்மு அழுது முடித்த முகத்தோடு வந்து நின்றாள். அம்மாவின் புகைப்படம் ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரெண்டு பேரும் ஒண்ணா வரணும். ஒரே போஸ்டரு, ஒரே மாலை. சாவுற வரைக்கும் அம்மா இத்தத்தான் சொல்லிகினு இருந்துச்சு."

"நானாச்சும்மா. நீ கவலப்படாத," என்றார் ஹுமாயூன். நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னார். சொன்னபோது பொய்யில்லை.

லியாகத் அலியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

"அவன் பேரு கீற போஸ்டர்ல என் பேரு வராது. நீ மாவட்டச் செயலாளர் ஆவணுமா, வேணாமா? அத்தச் சொல்லு."

இந்த இடத்தில் ஹுமாயூன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை. அல்லது எத்திராஜ் வீட்டுக்கு ஒரு நடை போயிருக்கலாம், குறுக்கே இரண்டு தெருதான். மனிதன் கெட்டுப்போவதற்குப் பெரிய பாவம் எதுவும் தேவைப்படுவதில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றுவிட்டாலே போதும். அவர் செருமினார். பிறகு அச்சகத்துக்குப் போனார்.

அச்சகத்தில், போஸ்டருக்குள் லியாகத் அலி பெரிதாக வந்தார். கூட்டணிக் கட்சி மாவட்டத் தலைவர் வந்தார். பகுதிச் செயலாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் முகம் விட்டுப்போனாலும் மறுநாள் எத்திராஜ் பக்கம் தாவிவிடுவார். கன்னியம்மாவுக்கு இடம் போதவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன் படத்தைச் சுருக்கிக்கொண்டே போனான், "போதுமா பாய், போதுமா பாய்" என்று கேட்டுக்கொண்டே. போதும் என்று ஹுமாயூன்தான் சொன்னார்.

ஒட்டப் போனால் குப்பத்துச் சுவர் முழுக்க எத்திராஜ் ஆட்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். பையன்கள் பசை வாளியோடு நின்று ஹுமாயூன் முகத்தைப் பார்த்தார்கள். "மேலயே ஒட்டு" என்றார்.

மத்தியானம் இரண்டு கோஷ்டியும் வந்து சேர்ந்தது. எத்திராஜ் கையில் ஒரு மாலை, லியாகத் அலி கையில் ஒரு மாலை. இருவர் மாலையிலும் அவரவர் பெயர் போட்ட ரிப்பன். வாசலில் பாடையில் கிடத்தியிருந்த கன்னியம்மாவுக்கு இரண்டு பக்கத்திலும் கூட்டம். யார் முதலில் போடுவது என்று ஆரம்பித்தது. தலைவர்தான் முதல் என்றது ஒரு பக்கம். நீக்கப்பட்டவன் என்ன தலைவன் என்றது மறு பக்கம். பறையடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ தள்ள, பாடை ஒரு பக்கம் சரிந்தது, கன்னியம்மாவின் தலை சாய்ந்தது. குப்பத்துப் பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள்.

அப்போதுதான் அம்முவைக் காணவில்லை என்று தேடினார்கள். அவள் எதிர்ச்சுவர் முன்னால் நின்று, ஈரப் பசை காயாத போஸ்டரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஹுமாயூன் கிட்டே போனார்.

"இன்னாம்மா பண்ற?"

அவள் திரும்பவில்லை. "அடியில கீற போஸ்டர்ல அம்மா பெரிசா கீது மாமா. அத்தத் தேடிகினு கீறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. இப்போதும் மாமா என்றே கூப்பிட்டாள்.

குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து இரண்டு தலைவர்களையும் பார்த்துச் சொன்னார்: "உங்க மாலை ரெண்டுமே வேணாம் நைனா. வழி விட்டா எங்க பொம்பளைய நாங்க அடக்கம் பண்ணிக்கிறோம்." எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். லியாகத் அலி போன் பேசுவதுபோல் ஓரமாகப் போனார். பாடையைத் தூக்கியபோது ஹுமாயூன் கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

வீட்டில் மனைவி சாபிரா சோறு வைத்தாள். எல்லாம் ஏற்கெனவே காதுக்கு வந்திருந்தது போலும், எதையும் கிளறவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"மண்ணாவது போட்டீங்களா?"

சோற்றில் கை அளைந்தது. நோன்புக் கஞ்சிக்காகக் கன்னியம்மா வாசலில் அழுத கதையைச் சாபிராவும் அறிவாள். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை, தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் லியாகத் அலி போனில் அழைத்து, மாவட்டச் செயலாளர் ஹுமாயூன்தான் என்று அறிவிக்கப்போவதாகச் சொன்னார். "எனக்கு வேணாம் பாய்" என்றார் ஹுமாயூன். எத்திராஜ் எவ்வளவு தருவதாகச் சொன்னான் என்று லியாகத் அலி கேட்டார். ஒரு மணி நேரத்துக்குள் எத்திராஜ் ஆள் ஒருவர் அழைத்து, வாங்க வாங்க என்று வாழ்த்துச் சொன்னார். பதவி வேண்டாம் என்பதற்கு அவர்கள் அகராதியில் வேறு பொருளே கிடையாது. நேற்று வரை தானும் அப்படித்தான் இருந்ததை நினைத்தபோது ஹுமாயூனுக்கு உடம்பு கூசியது.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு, தனியாகப் பஸ் ஏறித் திருவொற்றியூர் இடுகாட்டுக்குப் போனார். காவலாள் சாப்பிடப் போயிருந்தான். உச்சி வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. புது மேட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் யாரோ கொண்டுவந்து வீசிவிட்டுப் போயிருந்த மாலைகள் அதன் மேல் வாடிக் கிடந்தன. ஒரு ரிப்பனில் எத்திராஜ், ஒரு ரிப்பனில் லியாகத் அலி. சுற்றிலும் தண்ணீர்ப் பாக்கெட்டும் டீக் கப்பும். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து இடுகாட்டு மூலைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். நாய் தோண்டிய ஓர் ஓரத்தைக் கையாலேயே சரிசெய்தார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டருகே குந்தினார். ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். இன்னொரு பிடி, இன்னொரு பிடி. மண் போடும்போது தங்கள் ஜனத்துக்குச் சொல்கிற வார்த்தைகளை வாய்க்குள் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினார். மேலே இருந்து கேட்பவன் புரிந்துகொள்வான் என்று தோன்றியது. சொன்னார்.

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொள்ளாமல் எழுந்து, வந்த வழியே நடந்தார்.