ரப்பர் படகின் காற்று

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல்திட்டில், ஜெபசீலன் மீன்பிடிக்க ஓட்டிவந்த ரப்பர் படகு உச்சிவெயிலில் உள்காற்று சூடேறி விறைத்துக் கிடந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்து ஏலத்தில் வந்த படகு. தண்ணீர் கோரி ஊற்றியும் அடங்காமல் ஒட்டு ஒன்று பிளக்கத் தொடங்கியதால், அவன் காற்றுக்குழாயின் மூடியைத் திருகினான். காற்று சீறியது.

கூட வந்திருந்த, நீச்சல் தெரியாத தாணப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏலே, கிறுக்கா? பம்பு கரையில கெடக்கு. கடல்வெள்ளம் ஏறுது, திட்டு இப்ப முங்கும். இருக்கிற காத்தையும் விட்டுட்டா நான் எப்படிலே கரை சேருவேன்?"

"விடல்லேன்னா வெடிக்கும். கையை எடு மக்கா."

ஒட்டு பிளப்பது நின்றதும் மூடியை இறுக்கிப் படகைத் தள்ளி ஏறினார்கள். ஆற்றுக் குளிர்ச்சியில் காற்று சுருங்கிப் படகு இன்னும் தொய்ந்தது. விளிம்பு மடங்கி அலை உள்ளே வந்தது.

"வாயால ஊதுலே!" என்று கத்தியபடி ஜெபசீலன் துடுப்பை வலித்தான்.

தாணப்பன் காற்றுக்குழாயைக் கவ்வினான். கரைமணல் தட்டிய பிறகும் அவன் வாயை எடுக்கவில்லை.