ஒட்டுவிரல் புலி

பைஜந்தி ஆற்றங்கரைக்கு வந்தபோது ஊரே அங்கே நின்றிருந்தது. ஆனால் ஒருவர் காலும் தண்ணீரில் நனையவில்லை. பெண்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போர்வைக்குள் ஒடுங்கியிருந்தார்கள். வண்டிகளில் பூட்டிய மாடுகள் பனிமூட்டத்துக்குள் மூச்சைப் புகையாக விட்டுக்கொண்டிருந்தன. மரப்படகுகள் மணலில் சும்மா கிடந்தன.

கெருவா ஆற்றின் அக்கரை காடு, வனத்துறையின் ஆளுகை. அங்கே கூரைப்புல் அறுக்க வருஷத்தில் மூன்றே நாள்தான் விடுவார்கள். இது இரண்டாவது நாள். மாக மாதக் குளிரில் இருட்டோடு எழுந்து, சோறும் நத்தைக் கறியும் கட்டிக்கொண்டு வந்த கூட்டம் இப்படி நிற்கிறதென்றால் காரணம் சின்னதாக இருக்காது.

முதல் படகில் போய்விட்டுத் திரும்பியிருந்த மங்ரிக்கு இன்னும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அது குளிரால் மட்டும் அல்ல. அக்கரையில் படகு ஒதுங்கும் மணல்திட்டில், தண்ணீர் ஓரத்திலிருந்து புல்லுக்குள் நேராகப் போகிறதாம் புலித்தடம். கையகலம் இருக்கிறதாம். போன வருஷப் புல்லறுப்பில் மங்ரியின் மாமியார் சுக்னியைப் புலி தூக்கிக்கொண்டு போனது. அரிவாளும் ஒரு செருப்பும்தான் கிடைத்தன. அதைப் பார்த்த ஊர் இது. சென்ற மாகிப் பண்டிகையன்று ஊர் கூடிப் பட்கராக, ஊர்த்தலைவராக, தேர்ந்தெடுத்த புத்திராம், "இன்னிக்கு யாரும் ஆத்தத் தாண்ட வேணாம்" என்று சொல்லிவிட்டார். பட்கர் சொன்னால் சொன்னதுதான். மீறுகிறவனை ஊர் தன் வேலையிலும் விருந்திலும் சேர்க்காது.

பைஜந்தி அக்கரைப் பக்கமே பார்த்தாள். அவள் வீட்டுக் கூரைக்குப் புல் மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. கணவன் மலேசியாவில். சென்ற மழையில் மகள் படுக்கும் மூலை தவிர எல்லா இடத்திலும் ஒழுகியது. அப்புறம் அந்த மூலையும் ஒழுகியது. பைஜந்தி பக்கத்துச் சுற்றுலா விடுதியில் காட்டு வழிகாட்டி. இந்த மூன்று நாள் விடுப்புக்காக மேலாளர் ஹேம்ராஜிடம் நாலு தடவை போய் நின்றிருக்கிறாள்.

"மாமா, நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரேன்," என்றாள் பட்கரிடம்.

"தனியாவா?"

"படகுக்காரர் இருக்காரு. கம்பு இருக்கு. தெனமும் இதுதானே என் பொழப்பு."

பட்கர் சரியென்று தலையசைத்தார்.

அக்கரையில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. மணலில் தடம் அழகாகத்தான் இருந்தது. அவ்வளவு அழகாக இருந்ததே அவளுக்கு உறுத்தியது. குனிந்து பார்த்தாள். முன்கால், பின்கால், இடம், வலம் என்ற வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு தடத்திலும் ஓரத்து விரல் ஒன்று வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. ஒரே கால்தான் மறுபடி மறுபடி.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். விடுதியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு பிளாஸ்டர் புலிக்கால் இருக்கிறது. எப்போதோ செத்த பெண்புலியின் தடத்தில் வார்த்தது. தசைன் பண்டிகை விடுமுறையில் தூசி தட்டும்போது கீழே விழுந்து விரல் உடைந்தது. சமையல்காரர்தான் பசை போட்டு ஒட்டினார். கோணலாக ஒட்டிவிட்டதை இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இக்கரைக்கு வந்து, அது விடுதிப் புலிக்காலால் யாரோ வைத்த தடம் என்று பட்கரிடம் சொன்னாள். அவர் உடனே நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் நம்பாமலும் இல்லை. ஆனால் ஊர்ப் பொறுப்பு அவர் தலையில் இருந்தது.

"நீ சொல்றத வெச்சு அம்பது பொம்பளைங்கள நான் எப்பிடிம்மா உள்ள அனுப்புறது? போன வருஷமும் ஒருத்தன் ஒண்ணும் இல்லன்னான். வெச்சவன் வரட்டும். ஊர் முன்னாடி நின்னு, நான்தான் வெச்சேன்னு அவன் வாயால சொல்லட்டும். அடுத்த நிமிஷம் படகு எறங்கும்."

அதுதான் ஊர் வழக்கம். ஆடு திருடியவனாக இருந்தாலும், வாய்க்கால் மடையை உடைத்தவனாக இருந்தாலும், செய்தவன் வாயிலிருந்து வராமல் எந்த விஷயமும் தீராது. பைஜந்தி விடுதியை நோக்கி நடந்தாள்; பாதி வழியில் நடை ஓட்டமானது.

விடுதி வாசல் பலகையில் 'மலை, ஆறு, புலி' என்று மூன்று நிறத்தில் எழுதியிருக்கும். மேலே வடக்கில் இருக்கும் அச்சாம் மலைகளில் சில நாள் நடை, பிறகு ரப்பர் படகில் கர்னாலி ஆற்று வழியாக இறக்கம், கடைசியில் இந்தச் சமவெளிக் காட்டில் புலி. மூன்றும் ஒரே பயணத்தில். மலை எங்கும் ஓடிவிடாது. ஆறும் அப்படித்தான். புலியை மட்டும் ஹேம்ராஜால் உறுதி கொடுக்க முடியாது; ஆனால் அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். மாக மாதத்தில் வருகிறவர்களுக்கு மலையில் குளிர், ஆற்றில் அதைவிடக் குளிர், காட்டில் மூக்குக்கு முன்னால் இருக்கும் மரம்கூடத் தெரியாத மூட்டம். இந்த முறை வந்த ஆறு பேரும் உதடு வெடித்து, மூக்கு சிந்திக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான்கு நாளில் அவர்கள் பார்த்தது மான், மயில், ஒரு காண்டாமிருகத்தின் பின்புறம்.

பைஜந்தி உள்ளே நுழைந்தபோது அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிரிட் என்ற உயரமான பெண் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து தன் போனை நீட்டினாள்; படத்தில் அதே மணல், அதே கோணல் விரல். நேற்று மாலை லஹனு கூட்டிப்போய்க் காட்டினாராம். சற்று முன்னால்தான் கடந்திருக்கிறது என்றாராம். ராத்திரியெல்லாம் தூக்கமே வரவில்லையாம். அவள் முகம் குழந்தை முகம் போல மலர்ந்திருந்தது. பைஜந்திக்கு அந்த முகத்தின் மேல் கோபம் வரவில்லை. அலமாரியைப் பார்த்தாள். புலிக்கால் அதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. விரல் இடுக்கில் ஈரமணல்.

லஹனு அவளைப் போலவே வழிகாட்டி, அவளுக்கு மூத்தவன். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டதும் ஒளிக்கவில்லை.

"சார்தான் சொன்னாரு. பாவம், இவ்வளவு தூரம் வந்துருக்காங்க, வெறுங்கையோட போறாங்கன்னாரு. தடம்தானே பைஜந்தி, புலியவா கொண்டாந்து விட்டேன்?"

"படகு ஒதுங்குற எடத்துலயா வெப்ப, அண்ணே?"

அவன் கை நின்றது. அவன் ஊர் ஆற்றுக்கு மேலே இருக்கிறது. அவர்களுக்கு வேறு துறை, புல்லறுப்புக்கு வேறு நாள். விருந்தாளிகள் சேற்றில் இறங்காமல் பார்க்க வசதியான மணலாகத் தேடியிருக்கிறான். அந்த மணலில் விடிந்தால் யார் காலை வைப்பார்கள் என்பது அவன் நினைப்பில் வரவே இல்லை. பைஜந்தி சொல்லச் சொல்ல அவன் முகம் செத்துப்போனது.

ஹேம்ராஜ் முகத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். விருந்தாளிகள் நாளைக் காலை நேபாள்கஞ்ச் போய் விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் போனபிறகு தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், வேண்டுமானால் தானே வருகிறேன் என்றார்.

"நாளைக்கு சாயங்காலம் புல்லறுப்பு முடியுது சார்."

"ஒரு நாள் புல்லுக்கா இவ்வளவு? தகரம் போட்டுக்கங்க. எல்லாரும் தகரத்துக்கு மாறியாச்சு."

"நீங்க ஏன் சார் இங்க தகரம் போடல?"

விடுதியின் எல்லாக் குடில்களும் புல் வேய்ந்தவை. விருந்தாளிகளுக்கு அதுதான் பிடிக்கும். ஹேம்ராஜ் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. சுக்னியின் ஒற்றைச் செருப்பை எடுத்தவள் அவள். அந்தப் பயத்தை, ஊர் ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த பயத்தை, இந்த ஆள் எடுத்துச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருக்கிறார்.

கூடத்துக்குப் போய் புலிக்காலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அது விடுதிச் சொத்து என்று ஹேம்ராஜ் பின்னாலேயே வந்தார். விருந்தாளிகள் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்தார்கள். இங்கிரிட் என்னவென்று கேட்டாள். பைஜந்தி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வந்தால் காட்டுகிறேன் என்றாள். அப்புறம் எல்லோரும் வரிசையாக நடந்தார்கள்: முன்னால் பைஜந்தி, அவளுக்குப் பின்னால் ஆறு வெள்ளைக்காரர்கள், அவர்களைத் தடுக்க முடியாமல் சிரித்துக்கொண்டே ஹேம்ராஜ், கடைசியில் வாயில் பற்பசை காயாத லஹனு.

கரையில் பட்கரின் காலடியிலேயே ஈரமணலில் புலிக்காலை அழுத்தி எடுத்தாள். கோணல் விரல் அப்படியே விழுந்தது. மங்ரி குனிந்து பார்த்தாள். காலையில் அக்கரையில் பார்த்தது அதேதான். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

இங்கிரிட்டுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் சிவந்தது. தாழ்ந்த குரலில் ஹேம்ராஜிடம் ஏதோ கேட்டாள். உடனே ஹேம்ராஜ் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். ஊழியர் ஒருவரின் அதிக ஆர்வம், பெரிய தவறு, மனதார மன்னிப்புக் கேட்கிறோம், மதியத்துக்கு ஜீப்பில் காட்டுக்குள் ஒரு சுற்று, காசு வேண்டாம். தவறு என்ற சொல்லை அவர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் வடக்குப் பக்கம், விருந்தாளிகளைப் பார்த்து. தெற்குப் பக்கம், அரிவாளோடு நின்ற ஐம்பது பெண்கள் பக்கம், அவர் முகம் திரும்பவே இல்லை.

"சார், இந்தப் பக்கமும் ஆளுங்க நிக்கிறோம்," என்றார் பட்கர்.

"விளையாட்டா நடந்துபோச்சு புத்திராம்ஜி. பெருசு பண்ணாதீங்க."

"வெளையாட்டுதானே. அப்ப நீங்க முன்னால நடங்க. அந்தப் புல்லுக்குள்ள. ஊர் உங்க பின்னாடியே வரும்."

ஹேம்ராஜ் அக்கரையைப் பார்த்தார். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த புல், மூட்டத்தில் தலையில்லாமல் நின்றது. தடம் பொய் என்று அந்தக் கரையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அவர் கால் நகரவில்லை.

"பாத்தீங்களா? சொந்தப் புலிக்கே பயப்படுறாரு," என்றாள் மங்ரி. பெண்கள் சிரித்தார்கள். அது சந்தோஷச் சிரிப்பல்ல.

லஹனுதான் முன்னால் வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "நான்தான் வெச்சேன்," என்றான். பட்கர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். விடுதியின் ரப்பர் படகுகள் இன்றும் நாளையும் ஊர்ப்புல்லை ஏற்ற வேண்டும், இவனே துடுப்புப் போட வேண்டும் என்றார். ஹேம்ராஜ் வாயைத் திறந்தார், இங்கிரிட் அவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டார். போகும்போது பைஜந்தியிடம் மட்டும், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று நின்று சொல்லிவிட்டுப் போனார்.

படகுகள் இறங்கியபோது பாதி நாள் போயிருந்தது.

புல்லறுப்பின் கடைசி நாளான மூன்றாம் நாள், வெயில் லேசாக மூட்டத்தைக் கிழித்த நேரத்தில், புல்வெளியின் மேற்கு ஓரத்தில் பைஜந்தி இன்னொரு தடத்தைப் பார்த்தாள். இது அழகாக இல்லை. ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி, ஓரம் சரிந்து, நடுவில் ஒரு புல் மிதிபட்டு மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. புலி போய் அதிக நேரம் ஆகியிருக்காது. எல்லோரையும் கரைப்பக்கம் போகச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

யாரும் நகரவில்லை.

"இது எந்த அலமாரியிலேருந்து எறங்கினது அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அரிவாள்கள் நிற்கவில்லை. பட்கரே வந்து பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டார். நேற்று அரை நாள் வீணாகப் போகாமல் இருந்திருந்தால் இப்போதே எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பியிருப்பார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. பாதிக் கூரைகளுக்கு இன்னும் புல் சேரவில்லை. சாயங்காலம் காடு மூடிவிடும்.

"சேந்து நின்னு அறுங்க. சத்தம் போட்டுக்கிட்டே அறுங்க," என்று மட்டும் சொன்னார்.

பைஜந்தி அரிவாளை இடுப்பில் செருகினாள். கம்பை எடுத்துக்கொண்டு, பெண்களுக்கு முதுகைக் காட்டி, அந்தத் தடம் போன பக்கம் பார்த்து நின்றாள். அறுக்க வேண்டிய நேரமெல்லாம் நின்றாள். தன் பங்குப் புல் குறைந்துகொண்டே போவது முதுகிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். மங்ரி. அவள் தடத்தைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. சோற்றுத் தூக்கின் மூடியை அரிவாள் பிடியால் தட்டத் தொடங்கினாள்.

புல் அசைந்ததோ இல்லையோ, எதுவும் வெளியே வரவில்லை. கடைசிக் கட்டு ஏறும்வரை மங்ரி தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான்கு நாள் கழித்து, பைஜந்தியின் கூரையில் முக்கால்வாசி புதுப்புல்லும் மீதிப் பழம்புல்லுமாக வேய்ந்துகொண்டிருந்தபோது லஹனு வந்தான். கீழே நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னான். அடுத்த விருந்தாளிக் கூட்டம் படகில் ஆற்றில் இறங்கிவிட்டதாம். ஆள் பற்றவில்லையாம். அந்தப் புலிக்காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழையபடி வேலைக்கு வரலாம் என்று சார் சொல்லச் சொன்னாராம்.

பைஜந்தி கூரைமேலிருந்து இறங்கவில்லை.

"அத அன்னிக்கே ஆத்துல போட்டுட்டேன். வேணும்னா அவரே வந்து தேடிக்கச் சொல்லு. அக்கரையில நெசப்புலி ஒண்ணு சுத்துது, அதையும் சொல்லிடு." அடுத்த புல்கட்டை இழுத்து முழங்காலால் அமுக்கினாள். "நம்பறதும் நம்பாததும் அவர் பாடு."